எலிகள் விட்டுப்போன நெல்

உலகச் சண்டைக் காலத்தில் ரயிலுக்குக் கரி கிடைக்கவில்லை என்று எங்கள் ஊர் காணைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனிக்காரன் சுரங்கம் வெட்டினான். பழுப்புக் கரியாம். விழுப்புரத்து எஞ்சினெல்லாம் அதில்தான் ஓடப்போகிறதாம். கிழிஞ்சது! ராப்பகலாகத் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டியதில் ஊர்க் கிணறுகள் வற்றின. அந்தக் கறுப்புத் தண்ணீர் பாய்ந்த வாய்க்காலில் கெண்டையும் குரவையும் செத்து மிதந்தன. கொக்குகூட இறங்குவதை நிறுத்திவிட்டது. இத்தனையும் தெரிந்தும் ராயப்பனாகிய நான் அந்தச் சுரங்கத்தில்தான் கூலிக்கு இறங்கினேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

தை அறுப்பு முடிந்ததும் எங்கள் தெருப் பெண்கள் கழனிகளில் எலிவளை தோண்டுவார்கள். எலி சேர்த்து வைத்த நெல் தோண்டுகிறவருக்கே சொந்தம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்த வருஷம் என் பெண்சாதி லூர்துமேரி இரண்டு கூடை நெல்லோடு வந்து குதித்தாள்.

"ஒரு எலிகூட இல்லய்யா! நெல்ல அப்படியே போட்டுட்டு ஓடிப் போயிருக்குதுங்க. நாளைக்கும் சுப்பராயலு கழனிக்குத்தான் போறோம்."

"எலிங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சு போல" என்று சிரித்தேன். புத்தி கெட்டவன் நான்தான்.

மறுநாள் காலை சுரங்கத்துக்குள் மேஸ்திரி விருத்தாசலம் முட்டுக் கம்பங்களை உருவச் சொன்னார். கரி எடுத்து முடிந்த இடத்தில் அப்படித்தான் செய்வார்கள். கூரை தானாக அமுங்கும். மேலே நிலமும் கூடவே அமுங்கும்.

நான்கு கம்பம் உருவிய பிறகு, "இதுக்கு மேல என்னாங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"சுப்பராயலு கழனி. அறுப்பு முடிஞ்சு சும்மாத்தானே கெடக்குது? பட்டாக்காரங்களுக்கெல்லாம் நோட்டீசு குடுத்தாச்சு. ஜல்தியா உருவு."

கையிலிருந்த கம்பத்தைக் கீழே போட்டேன். "ஐயோ, என் பொண்டாட்டி அங்க தோண்டிக்கினு இருக்கா! நிறுத்துங்க மேஸ்திரி!"

அதற்குள் பக்கத்து ஆள் சம்மட்டியால் ஐந்தாவது கம்பத்தைத் தட்டிவிட்டான். ஓடினேன். பாதி ஏணி ஏறும்போது கீழே கூரை சரிந்த சத்தம் கேட்டது.

கழனி நடுவில் பெரிய பள்ளம். வரப்பில், அவளோடு தோண்ட வந்த முனியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "வளைக்குள்ள கைய வுட்டுக்கினு இருந்தாண்ணே. அப்படியே உள்ள போயிட்டா!"

சுப்பராயலு ஓடி வந்தார். "எனக்கு நோட்டீசு வந்துச்சுடா. பொம்பளைங்க வருவாங்கன்னு எனக்கென்னடா தெரியும்?"

"வருஷா வருஷம் வர்றவளுங்கதானே ஆண்டே! எங்களுக்கு ஏது பட்டா, எங்களுக்கு யாரு நோட்டீசு குடுப்பா? நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். அவரிடம் அதுவரை நான் குரல் உயர்த்தியதே இல்லை.

ஆட்கள் மண்வெட்டியோடு பள்ளத்தில் இறங்கப் பார்த்தார்கள். தடுத்தேன். மேலே மிதித்தால் இன்னும் சரியும். அவளை எடுப்பதானால் கீழேயிருந்துதான் எடுக்க வேண்டும். திரும்பி ஓடினேன். ஏணி வாயில் மேஸ்திரி என் கையைப் பிடித்தார்.

"போவாதடா, மிச்சமும் வந்துடும்."

"வரட்டும்" என்று உதறிவிட்டு இறங்கினேன். நான் உருவிப் போட்ட கம்பங்களையே ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி முட்டுக் கொடுத்துக்கொண்டு, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபடி சரிந்து கிடந்த மண்ணைக் கையால் வாரத் தொடங்கினேன்.