கட்டாயம் இல்லாத ஊசி

யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், கொரோனா ஊசி போடாதவர்களுக்கு இனிமேல் பேர் கிடையாது, அதாவது வேலை கிடையாது என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அறிவித்தார். அதைக் கேட்டு மனசுக்குள் துள்ளிக் குதித்த ஒரே ஆள் யூனியன் தலைவர் கிருஷாந்த். வெளியே முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார், அது வேறு விஷயம்.

மலைப்பாம்பையே கையால் பிடிக்கிற அந்த மனிதருக்கு ஊசியைக் கண்டால் மட்டும் பின்வாசல் வழியாக ஓடத் தோன்றும். மனைவி றமீலாவுக்குக்கூட இது தெரியாது. தப்ப வழி தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்கு, கட்டாயத்தை எதிர்க்கிற சாக்கில் ஊசியையே தட்டிக்கழிக்கலாம் என்று துரையே வழிகாட்டிவிட்டார், பாவம்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் வேலைக்குக் கூடியவர்கள் முன்னால் தலைவர் வெளுத்து வாங்கினார்.

"ஊசி நல்லதா கெட்டதாங்கிறது இல்லைங்க பேச்சு. நம்ம கை தோட்டத்துக்கு ரப்பர் பால் வெட்ட மட்டுந்தான். அதுல எத ஏத்தணும்னு துரை சொல்லப்படாது. கட்டாயத்த எடுக்கிற வரைக்கும் யாரும் கத்தியத் தொடாதீங்க."

பயத்தில் பேசினாலும் பேச்சில் நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. துரை பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

"ஒரு ஆளு போடாட்டி பக்கத்துல வெட்டுற ஆளுக்கும் தானே கொரோனா வருத்தம் வரும், தலைவர்?" என்று கேட்டுப் பார்த்தார். தலைவர் மசியவில்லை. கடைசியில் துரையே இறங்கி வந்தார்.

"சரி, கட்டாயம் இல்ல. விருப்பம் உள்ள ஆளு மட்டும் போடுங்க."

ஊசி போடாமல் இருக்கத் தலைவரிடம் இருந்த ஒரே சாக்கும் போயிற்று. சனமோ விசிலடித்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. ஒரு மீட்டர் இடைவெளியாவது, மண்ணாவது. ஆனால் ஊர்வலம் வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் திரும்பாமல் நேரே டிஸ்பென்சரிக்கு ஏறியது.

"எங்கங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"ஊசி போடத்தாங்க. இப்பதான் கட்டாயம் இல்லையே, எல்லாரும் விரும்பித்தான் போறோம். மொத ஊசி உங்களுக்கு," என்றாள் கூடவே நடந்துவந்த றமீலா பெருமையாக.

வழியில் நின்ற துரையிடம் தலைவர் தோளிலிருந்தபடியே குனிந்து, "ஐயா, அந்தக் கட்டாயத்தத் திரும்பப் போட முடியாதுங்களா?" என்று கெஞ்சினார்.

"எனக்கு உரிமை இல்லன்னு நீங்கதானே சொன்னது," என்றார் துரை.

உள்ளே தாதியான மிஸ்ஸி ஊசியை எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

"விருப்பம்தானேங்க தலைவரே? வேணாம்னா சொல்லிடுங்க, போட மாட்டேன்."

சன்னல் முழுக்கச் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. வேணாம் என்று சொல்லும் உரிமையைத் தோட்டத்துக்கே வாங்கிக்கொடுத்த மனிதர், அந்த ஒரு சொல் வாயில் வராமல், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டினார்.