சந்தேகங்கள் தேங்கிய இடம்

இணையவழிக் கல்லூரி ஒன்றின் மாணவர் சேவைப் பிரிவுக்கு அவர் தலைவர். மாணவர் அனுப்பும் சந்தேகம் அவருடைய பிரிவுக்கு வரும், பாட ஆசிரியருக்குப் போகும், பதிலாகத் திரும்பும். அந்தப் பதிலை அவர் வரிவரியாகப் படித்து ஒப்புதல் கொடுத்த பிறகே மாணவரைச் சேரும். பிரிவில் தனக்கு ‘செக்போஸ்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் பெரிய மனசு அவருக்கு.

மாணவர்களின் மனசுதான் நொந்துபோயிருந்தது. கேட்ட கேள்வி கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது என்று கல்லூரியின் இணையப் பக்கத்திலேயே எழுதினார்கள். இயக்குநர் அம்மா அவரை அழைத்தார்.

“மாசக் கடைசிக் கூட்டத்துல உருப்படியா ஏதாவது காட்டுங்க சார். இல்லேன்னா பிரிவை மூடிட்டு, தானா பதில் சொல்ற மெஷினை வாங்கிடலாம்னு இருக்கேன்.”

மிரட்டலாகச் சொல்லவில்லை, கத்தரிக்காய் விலை விசாரிப்பதுபோலச் சொன்னார். அதனால்தான் செய்துவிடுவார் என்று பட்டது. பிரிவில் இருந்த ஒவ்வொருவரும் அவர் தேடிப் பிடித்துச் சேர்த்தவர்கள்.

வீட்டில் புலம்பினார். மனைவி ஒரு பார்சல் கிடங்கின் மேலாளர். துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“செருப்பு வாங்கினவங்களுக்கு அது எந்த வண்டியில ஏறிச்சு, எந்தத் தெருவுல நிக்குதுன்னு போன்லயே தெரியுதுங்க. பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைக்குத் தன் சந்தேகம் எங்க நிக்குதுன்னு தெரிய வேண்டாமா?”

“செருப்பும் சந்தேகமும் ஒண்ணா?”

“இல்லதான். செருப்பு சீக்கிரம் வந்துடுது.”

அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டே மறுநாள் வேலையைத் தொடங்கினார். கணினிப் பிரிவுப் பெண் பொறுமையாக ஒரு திரையை அமைத்துத் தந்தாள். ஒவ்வொரு சந்தேகமும் ஒரு புள்ளி. அது யாரிடம் இருக்கிறது என்பது மாணவருக்கும் தெரியும், கல்லூரிக்கும் தெரியும். தாமதமானால் சிவப்பாகிவிடும்.

“எங்களை வேவு பாக்கறீங்களா?” என்று ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள்.

“ஒளிக்க ஒண்ணுமில்லாதவங்க ஏன் சார் பதறணும்?” என்று பெருந்தன்மையாகச் சிரித்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், எந்த ஆசிரியர் மாட்டினார் என்று பார்க்கும் ஆவலோடு வீட்டில் திரையைத் திறந்தார். ஆசிரியர்கள் பக்கம் ஒரே பச்சை. சிவப்பு மொத்தமும் ஒரே கட்டத்தில் குவிந்து, அம்மை போட்டதுபோல இருந்தது. கட்டத்தின் பெயர் ‘இறுதி ஒப்புதல்’.

மென்பொருளில் கோளாறு என்று முதலில் நம்பினார். பிறகு நம்ப முயன்றார். கடைசியில், அந்தக் கட்டத்தையே ஆசிரியர் கட்டத்தோடு சேர்த்துவிட்டால் என்ன என்று அவருடைய விரல் யோசித்தது. பின்னால் மனைவி நின்றிருந்தாள்.

“என்னங்க பண்றீங்க?”

“சும்மா... கொஞ்சம் சுருக்கமா காட்டலாம்னு.”

“எங்க கிடங்குல லேட்டானா திட்டுவாங்க, மறுபடியும் வாங்குவாங்க. வராததை வந்துட்டிருக்குன்னு சொன்னா, அதோட நம்மள மறந்துடுவாங்க.”

“அது நான்தான்னு தெரிஞ்சா மானம் போயிடும்மா.”

“போகட்டுமே. பெரிய எடையா என்ன?” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். “நானும் ஒரு காலத்துல ஒவ்வொரு பெட்டியையும் நானே பார்க்கணும்னு வாசல்ல நின்னேன். வண்டியெல்லாம் தெருமுனை வரைக்கும் நின்னுச்சு. இப்ப எல்லாம் கிளம்பிப் போகும். கை போன இடத்துல ரெண்டு பெட்டியை மட்டும் பிரிச்சுப் பார்ப்பேன். தப்பு இருந்தா கட்டினவங்களோட உட்கார்ந்து பேசுவேன்.”

அவர் கட்டத்தை இருந்த இடத்திலேயே விட்டார். மறுநாள் காலையில் அலுவலகம் போனதும், தன்னிடம் தேங்கியவை உட்பட, பதில்கள் இனி நேராக மாணவருக்கே போகட்டும் என்று ஆசிரியர்களுக்கு எழுதினார். அனுப்பும் முன் அதையும் வரிவரியாகப் படித்தார்.

கூட்டத்தில் இயக்குநர் திரையைக் கூர்ந்து பார்த்தார்.

“இந்தச் சிவப்பெல்லாம் யாரு?”

“நான்தான் மேடம்.”

காணொலியில் இருந்த ஆசிரியர்களில் யாரோ ஒலியை அணைக்க மறந்து சிரித்துவிட்டார். அவரும் கூடவே சிரித்தார். வேறு வழியில்லை.

“காலையில வழியைத் திறந்துவிட்டேன். கீழே பாருங்க.”

பேசிக்கொண்டிருக்கும்போதே சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழன்று பச்சையாகின. ஒரு மாணவி ‘புரிந்துவிட்டது’ என்று எழுதியிருந்தாள். அவளுக்குப் போன பதிலை இயக்குநர் முழுதாகப் படித்தார். புள்ளியியலைக் குடும்பச் சண்டையை வைத்து விளக்கியிருந்தார் ஆசிரியர். இயக்குநருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒப்புதலுக்கு வந்திருந்தால் பிரிவுத் தலைவர் அந்தச் சண்டையைத்தான் முதலில் வெட்டியிருப்பார்.

“அப்ப உங்களைப் பிரிவுலேர்ந்து எடுத்துட்டா எல்லாம் சரியாயிடுமா சார்?”

“பிரிவுலேர்ந்து வேண்டாம் மேடம். வழியிலேர்ந்து எடுத்தா போதும். இனிமே போன பதில்கள்ல சிலதை எடுத்துப் படிச்சு, எழுதினவங்களோடயே பேசறேன்.”

“மெஷின் இதை ஒத்துக்கிட்டிருக்காது” என்றார் இயக்குநர். “பிரிவு இருக்கட்டும். எல்லாப் படிப்புக்கும் இதையே வைங்க.”

தகவலைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரே மனைவியின் கிடங்குக்குப் போனார். ஓடும் பட்டையில் பெட்டிகள் நகர, அவள் அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் ஆட்கள் நடுவில் நிறுத்தினாள்.

“இவர்தான் எங்க வீட்டுக்காரர். ஒரு கல்லூரியே தேடிக்கிட்டிருந்ததை இவர் கண்டுபிடிச்சுட்டார். எங்க லேட்டாகுதுன்னு.”

“எங்க சார் லேட்டாச்சு?” என்றார் ஸ்கேனரோடு நின்றவர்.

வகுப்பில் விடை தெரிந்த பையனைப்போல, அவர் நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினார்.