வலப்பக்கத்து மெடல்கள்

வெண்டல் லான்ட்ஸ் மெடல்களை வலப்பக்க நெஞ்சில் குத்தியிருந்தார். சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

பிரான்சின் விமி மேட்டில், முதல் உலகப்போரில் இறந்த எங்கள் கனடாக்காரர்களின் நினைவாக நிற்கும் அந்த இரட்டை வெள்ளைத் தூண்களின் கீழே, எங்கள் பேருந்துக் கூட்டம் படத்துக்கு வரிசைகட்டி நின்றது. ஏர்ல் பிக்ஃபோர்ட் என் முழங்கையை இடித்தார். ஏர்ல் ராணுவத்தில் சமையற்கூடத்தை மேய்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊரில், முன்னாள் ராணுவத்தாரின் லீஜன் மன்றத்தில், கொடியைத் தூக்கி நடப்பவர். அவருடைய மெடல்கள் இடப்பக்கத்தில், அளவுகோல் வைத்த மாதிரி இருந்தன.

"பாத்தியா செல்மா? வலது பக்கம்."

"பாத்தேன். ஆளுக்கு இடது கைப் பழக்கமோ என்னவோ."

"வெளையாடாத. நம்ம நாட்டுல தாத்தா மெடலைப் பேரன் எந்தப் பக்கமும் குத்தக்கூடாது. சட்டம். வலது பக்கம் குத்திக்கிறது பிரிட்டிஷ்காரன் பழக்கம், ஆஸ்திரேலியாக்காரன் பழக்கம். இந்த ஆளு நம்ம ஆளுதானா?"

"நேத்து பொரிச்ச உருளைக்கிழங்குக்கு வினிகர் கேட்டு வாங்கி ஊத்தினாரு. நம்ம ஆளுதான்."

"வினிகர் பிரிட்டிஷ்காரனும் ஊத்துவான்."

நான் படத்துக்குச் சிரித்தேன்.

விஷயம் வெறும் மெடல் என்றால் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன். அன்று மாலை பெல்ஜியத்தில், ஈப்ர் நகரத்து மெனின் வாயிலில், போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த சுவருக்கு முன்னால் எக்காளம் ஊதும் நேரத்தில், எங்கள் குழுவின் சார்பாக ஒருவர் மலர்வளையம் வைக்க வேண்டும். அந்த ஒருவர் வெண்டல். முதல் நாள் விமான நிலையத்திலேயே, "எங்க தாத்தா பேரு அந்தச் சுவத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டார். மற்றவர்களின் வீட்டிலிருந்து போருக்குப் போய் இறந்த ஆட்கள் விமியிலும் நார்மண்டிக் கடற்கரையிலும் கிடந்தார்கள். ஈப்ர் சுவரில் எங்களில் வேறு யாருக்கும் ஆள் இல்லை. போட்டியில்லாத கடை. சரக்கு உடனே கைமாறிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வளையத்தை வைக்க ஏர்லுக்கு உள்ளூர ஆசை. ஆகவே ஏர்லின் சந்தேகத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துப் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. லெபனானிலிருந்து வந்து இறங்கிய நாள் முதலாக, வாங்க வருபவனையும் நம்பாமல், விற்க வருபவனையும் நம்பாமல், எடை போடும் தராசையும் நம்பாமல் பிழைத்தவர்கள். அப்பா என் பெரியப்பாவிடம் மிச்சம் வாங்கும்போதுகூடச் சில்லறையைக் கடித்துப் பார்ப்பார். பெரியப்பா கோபித்துக்கொள்ளமாட்டார், அவரும் கடிப்பவர்தான்.

மத்தியானம் ஈப்ர் சதுக்கத்தில் ஒரு காப்பிக் கடையில் இறங்கினோம். எங்கள் வழிகாட்டி லீஸ்பெத், அந்த ஊர்ப் பெண், பேருந்துப் படியில் நின்று சொன்னாள்: "வளையம் வைக்கிறவங்க பேரை ஏழு மணிக்குள்ள உறுதி பண்ணிச் சொல்லணும். மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க. அப்புறம் வாசல்ல நின்னு அடிச்சுக்காதீங்க, போன மாசம் ஒரு கூட்டம் அடிச்சுக்கிச்சு."

ஏர்ல் தொண்டையைக் கனைத்தார். நான் அவர் காலை மிதித்தேன். "பொறு. மொதல்ல சரக்கைப் பாப்போம்."

வெண்டல் ஓரத்து மேசையில் தனியாக உட்கார்ந்து இறால் வடையைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர், மெலிந்த ஆள், சட்டைக் காலர் மட்டும் புதிது. மெடல் பட்டையின் ஒரு முனை தொங்குவதைப் பேருந்திலேயே கவனித்து வைத்திருந்தேன்.

"வெண்டல், அந்தப் பட்டை அவுந்து விழப்போகுது. கோட்டைக் கழட்டுங்க, ரெண்டு தையல் போட்டுத் தரேன்."

"இல்ல, பரவாயில்ல."

"சாயங்காலம் மேளதாளத்தோட போறப்போ கல்லுத்தரையில டிங்குன்னு விழும். எல்லாரும் எக்காளத்த விட்டுட்டு உங்களையே பாப்பாங்க."

கழற்றிக் கொடுத்தார். முதல் உலகப்போர்க் காலத்து மெடல்களில் ஒரு வசதி உண்டு. வட்டமாக இருந்தால் விளிம்பிலும், நட்சத்திரமாக இருந்தால் முதுகிலும், வாங்கியவனின் பெயரை அரசாங்கமே பொறித்துக் கொடுத்தது. எங்கள் கடையில் மெடல் வந்தால் முகத்தைப் பார்க்கவே மாட்டோம். நேரே விளிம்புதான்.

ஊசியைக் கோத்துக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் நட்சத்திரத்தைத் திருப்பினேன். ஸ்ப்ரௌல் என்றிருந்தது. அடுத்த வட்டத்தின் விளிம்பில் டான்காக். மூன்றாவதில் டூஃபோ.

மூன்று மெடல். மூன்று வேறு வேறு ஆள்.

"தாத்தா பேரு என்ன சொன்னீங்க?" என்றேன், நூலை இழுத்துக்கொண்டே.

"ஸ்ப்ரௌல்."

"அம்மா வழியா?"

"ம்... ஆமா."

"அப்ப இந்த டான்காக் யாரு? டூஃபோ யாரு? பாட்டிக்கு மூணு கல்யாணமா?"

வெண்டல் கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்து மேசையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த ஏர்ல் தாளை மடித்துவிட்டு நாற்காலியோடு நகர்ந்து வந்தார். அந்தத் தாள் பிளெமிஷ் மொழியில் இருந்தது, அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது.

"சந்தையில வாங்கினதுதான?" என்றார் ஏர்ல். "சும்மா சொல்லுங்க. நான் பாத்திருக்கேன், உங்கள மாதிரி ஆளுங்கள."

"வாங்கல." வெண்டல் மெல்லச் சொன்னார். "யாரும் வந்து வாங்கிக்கல."

பிறகு சொன்னார். அவருடைய தாத்தா நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் தையல்காரர். போருக்குப் போகாதவர், பிறவியிலேயே கால் ஊனம். போர் முடிந்து தபாலில் மெடல்கள் வந்த காலத்தில், நவம்பர் நெருங்கினால் பட்டையில் வைத்துத் தைத்துத் தரச்சொல்லி ஊரே அவர் கடைக்கு வரும். உயிரோடு திரும்பியவர்கள் தாங்களே கொண்டுவருவார்கள். திரும்பாதவர்களுடையதைத் தாய்மார்கள் கொண்டுவருவார்கள்.

"மூணு பேரு குடுத்துட்டுப் போனவங்க திரும்பி வரல. ஒரு அம்மா வாசல் வரைக்கும் வந்துச்சாம். கண்ணாடி வழியா உள்ள தொங்குறதப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிடுச்சாம். தாத்தா பின்னாடியே நொண்டிக்கிட்டு ஓடியிருக்காரு. கிடைக்கல. கடைசி வரைக்கும் அதக் கடை ஜன்னல் பக்கத்துலயே தொங்கவிட்டிருந்தாரு, ஒருவேளை வருவாங்கன்னு. அப்புறம் அப்பா. இப்ப நான். எனக்குப் பிள்ளைங்க இல்ல."

"அப்ப தாத்தா சுவத்துல இல்ல," என்றார் ஏர்ல்.

"இல்ல. இவங்க மூணு பேருந்தான் இருக்காங்க. சொந்தக்காரனாயிருந்தாத்தான் வளையம் வைக்க விடுவீங்கன்னு நெனச்சேன். பொய்தான் சொன்னேன்."

"ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு மூணு மெடல் வந்திருக்குமே?" என்றேன் நான்.

"பெட்டியில இருக்கு. எல்லாத்தையும் குத்தினா ஜெனரல் மாதிரி தெரிவேன். அதான் ஆளுக்கு ஒண்ணு. எனக்குச் சொந்தமில்லாததால வலது பக்கம். இங்கிலாந்துக்காரங்க அப்படிக் குத்தினதப் படத்துல பாத்தேன்."

ஏர்ல் என்னைப் பார்த்தார். நான் நூலைப் பல்லால் கடித்தேன். கதை நன்றாக இருந்தது, அதுதான் உறுத்தியது. எங்கள் கடைக்கு விற்க வருபவன் யாரும் வெறும் சாமானோடு வந்ததில்லை. எல்லாரும் ஒரு கதையோடுதான் வருவார்கள். கதை எவ்வளவு நீளமோ அவ்வளவு சீக்கிரம் அப்பா கடையைச் சாத்துவார்.

"லீஸ்பெத்கிட்ட நான் சொல்லிடறேன்," என்று எழுந்தார் ஏர்ல். "வளையம் அவரு வைக்கக் கூடாது."

"ஏழு மணி வரைக்கும் நேரம் இருக்கு," என்றேன். "உக்காரு."

வெண்டல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோட்டை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார், அணியவில்லை. "நான் வேற எதுக்கும் வரல," என்றார். "விமியும் பாக்கணும்னு இல்ல, கடற்கரையும் பாக்கணும்னு இல்ல. இது ஒண்ணுதான். அந்த அம்மாக்கள் வரல. நானாவது கொண்டுபோய்க் காட்டிடலாம்னு."

மற்றவர்கள் சாக்லேட் வாங்கப் போனார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு நேரே மெனின் வாயிலுக்கு நடந்தேன்.

பெரிய வளைவு. உள்ளே தரையிலிருந்து கூரை வரை பெயர்கள். உடல் கிடைக்காதவர்கள். படைப்பிரிவு வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். கனடாக்காரர்களின் பலகைகளைக் கண்டுபிடித்து, கடையில் துணிக்குவியலில் ஓட்டை தேடுகிற மாதிரி விரலை வைத்துத் தேடினேன். ஸ்ப்ரௌல் கிடைத்தார், என் தோள் உயரத்தில். டான்காக்கும் கிடைத்தார், படிக்கட்டுப் பக்கம். டூஃபோவைக் காணவில்லை. அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொண்டது.

அப்பாடா, சிக்கினான் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

எதிர்ப்பக்கத் தூணுக்குப் பின்னாலிருந்து யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். எனக்குப் பழக்கமான கனைப்பு. ஏர்ல், கழுத்தில் தொலைநோக்கியோடு.

"சாக்லேட் வாங்கப் போகல?" என்றேன்.

"எனக்குச் சர்க்கரை வியாதி. நீ தலைவலின்னு படுத்திருக்கறதாச் சொன்னாங்க."

"காத்தோட்டமா இருக்கட்டும்னு வந்தேன்."

ஏர்ல் தொலைநோக்கியின் வாரைச் சரிசெய்தார்.

"ரெண்டு கெடச்சுது," என்றார் ஏர்ல்.

"எனக்கும் ரெண்டு. மூணாவது இல்ல."

"இருக்கா இல்லியான்னு பாக்காம எப்படிச் சொல்ற? மேல பாதிச் சுவரு மிச்சமிருக்கு." தொலைநோக்கியை என்னிடம் கொடுக்கவில்லை. தானே கண்ணில் வைத்து, உதடு அசைய ஒவ்வொரு பெயராகப் படித்தார். நான் அவர் பக்கத்தில் நின்று அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி விட்டுவிட்டால்? வளையத்தின் மேல் அவருக்குத்தான் ஆசையாயிற்றே.

அவர் உதடு நின்றது. தொலைநோக்கியை இறக்கி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி வைத்தார்.

"கூரைக்கு ஒட்டினாப்பல. டூஃபோ, ஏ." அதன்பின் தொலைநோக்கியை என்னிடம் நீட்டினார். "நீயும் பாத்துக்க. அப்புறம் என் மேல சந்தேகப்படுவ."

பார்த்தேன். இருந்தது.

"சந்தையில வாங்கினவனா இருந்தா ஒரே பேருல மூணு வாங்கியிருப்பான்," என்றேன். "இவ்வளவு மோசமா எவனும் போலி பண்ணமாட்டான். எங்க அப்பாவா இருந்தா இந்த ஆள உள்ள கூப்பிட்டு டீ குடுத்திருப்பாரு."

"பொய் சொன்னானே."

"சொன்னான். நீயுந்தான் தலைக்கு மேல இருக்கிறதப் பாத்து இல்லன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலையே."

ஏர்ல் தொலைநோக்கியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "சட்டம் சட்டந்தான்," என்றார். "நெஞ்சுல குத்தக்கூடாது. அத நான் விடமாட்டேன்."

"நெஞ்சுலதான?"

"நெஞ்சுலதான். கையில வெச்சுக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல."

ஆறரைக்கு லீஸ்பெத்திடம் போய்ச் சொன்னோம், வளையம் வெண்டல்தான் வைப்பார் என்று. அவள் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு ரெண்டு பேரு வந்து சொல்றீங்க?" என்றாள்.

எட்டு மணிக்கு வெளிச்சம் இன்னும் பாக்கி இருந்தது. வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கூட்டம் சுவரோரம் நின்றது. ஏர்ல் முன்பே சட்டத்தைச் சொல்லிவிட்டிருந்ததால் வெண்டல் வெறும் கோட்டோடு வந்தார். வலப்பக்கத்தில் ஊசித் துளைகள் மட்டும் தெரிந்தன. பட்டையிலிருந்து மெடல்களைப் பிரித்திருந்தார். நான் போட்ட தையல் வீண்.

"மூணு பேரு," என்றார், ஏர்லைப் பார்த்து. "எனக்கு ரெண்டு கைதான். ஒரு கையில வளையம்."

ஏர்ல் நட்சத்திரத்தை வாங்கினார். எனக்கு டான்காக். கூரைக்கு ஒட்டினாற்போல் இருந்தவரை வெண்டல் தன்னிடமே வைத்துக்கொண்டார். எக்காளம் ஊதி முடிந்ததும் மூவரும் சேர்ந்து நடந்தோம். ஏர்ல் அடியெடுத்து வைத்த அழகுக்கு நான் ஓட்டமும் நடையுமாகப் போகவேண்டியிருந்தது. வெண்டல் வளையத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு மூடியிருந்த கையைத் திறந்து, உள்ளங்கையைச் சுவரின் பக்கமாகத் திருப்பிக் காட்டினார், கடைக்காரன் சரக்கைக் காட்டுகிற மாதிரி. ஏர்லும் காட்டினார். என் கையும் தானாகத் திறந்தது.

வெளியே வந்ததும் வெண்டல் கையை நீட்டினார். கொடுத்தோம். மனிதர் பையில் போடவில்லை. தெருவிளக்குக்குக் கீழே போய், மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, என்னிடமிருந்து வாங்கிய மெடலின் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"என்ன வெண்டல், மாத்திக் குடுத்துருப்பேன்னு சந்தேகமா?"

"வேற ஒருத்தங்க பொருளு," என்றார். "பாத்துத்தான வாங்கணும்."

நட்சத்திரத்தைத் திருப்பி அதையும் படித்துவிட்டுத்தான் உள்பையில் போட்டார். ஏர்லுக்கு முகம் சிவந்தது. எனக்கு அந்த ஆளை அப்போதுதான் முழுசாகப் பிடித்தது.