சுவரில் ரஸ்ஸலின் சட்டைத் துண்டு

இருநூறு டாலர். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று ரஸ்ஸல் வண்டியிலேயே சொல்லிவிட்டான். காசு அவனுடையது. ஸ்கோப், அதாவது குறி பார்க்க மேலே மாட்டும் தொலைநோக்கி, அவன் தங்கை புருஷன் வைனோவின் துப்பாக்கிக்கு. மச்சான் செலவில் புது ஸ்கோப் வாங்கப் போகிறவன் சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்? வைனோவோ பல் பிடுங்கப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

விஷயம் இதுதான். போன நவம்பரில், வேட்டை தொடங்கிய முதல் நாள், வைனோ சுட்ட கொம்பன் மான் வயிற்றில் அடிபட்டுச் சதுப்புக்குள் ஓடிவிட்டது. மச்சானும் மாப்பிள்ளையும் இருட்டுகிறவரை முழங்கால் அளவு பனித்தண்ணீரில் ரத்தத்துளியைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. எந்தப் புதரில் கிடந்து துடித்ததோ, பாவம்.

அவர்கள் வேட்டை முகாமில் ஒரு வழக்கம் உண்டு. குறி தப்பியவனுடைய சட்டையின் பின்பக்கத் துணியைக் கத்தரித்து, பெயர் எழுதி, அடுப்புக்கு மேல் சுவரில் ஆணியடிப்பார்கள். சும்மா தப்பியவன் துணி என்றால் வருஷக்கணக்கில் சிரிக்கலாம். காயப்பட்ட மானைத் தொலைத்தவன் துணியைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. கத்தரிக்கோலைப் பார்த்ததும் வைனோ சொன்னான்: "ஸ்கோப் ஆடிப்போச்சுப்பா. நான் என்ன பண்றது?"

அதை மாட்டிக் கொடுத்தவன் ரஸ்ஸல். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் துப்பாக்கிக்கு அவன்தான் ஸ்கோப் மாட்டுவான். அன்றைக்கு அவன் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டான். தன் சட்டையைத் தானே கத்தரித்து, தன் பெயரை எழுதி, சுவரில் அடித்துவிட்டான். வைனோ வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷமாகத் திறக்கவில்லை. மரமில்லில் ரஸ்ஸலுக்கு வேலை நேரத்தைக் குறைத்திருந்த சமயத்தில், "என் கைத்தப்பு, நான்தான் வாங்கித் தரணும்" என்று அவன் இருநூறு டாலரோடு வந்து நின்றபோதும் திறக்கவில்லை. சீ, என்ன ஜென்மம்!

துப்பாக்கிக் கடை லோர்னாவுடையது. அறுபது வயசு, வாய் மட்டும் இருபது.

"எவ்வளவுக்குள்ள?"

"இருநூறு," என்றான் ரஸ்ஸல்.

"இருநூறுல நிலாவெல்லாம் தெரியாது. மான் தெரியும்." மூன்றை எடுத்து வைத்தாள்.

வைனோ எண்பது டாலர் ஸ்கோப்பை அவசரமாகக் கையில் எடுத்தான். "இதுவே போதும் மச்சான்."

"போடா. சாயங்கால வெளிச்சத்துல அதுல பாத்தா மானும் ஒண்ணுதான், மரமும் ஒண்ணுதான். என் காசுல நீ எதுக்குடா மிச்சம் புடிக்கற?" ரஸ்ஸல் ஓரத்தில் இருந்ததை எடுத்துக் கண்ணில் வைத்தான். வைத்த கண் வாங்கவில்லை. "அடேயப்பா! இது எவ்வளவு?"

"இருநூத்தி முப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சு இடிக்குதே."

"பழசைக் குடு, நாப்பது கழிச்சுக்கறேன். ஆனா வேலை செய்யுதான்னு நான் பாக்கணும்."

கொண்டுவந்திருந்த துப்பாக்கியை வைனோ தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அது கெட்டுப்போனதுங்க. விடுங்க."

"கெட்டதா இல்லையான்னு நான் சொல்றேன்," என்று துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த சுடும் திடலுக்குப் போனாள். மணல் மூட்டைமேல் வைத்து நூறு கெஜத்தில் மூன்று முறை சுட்டாள். ஒவ்வொரு வெடிக்கும் வைனோ கண்ணை மூடினான்.

குறித்தாளோடு திரும்பி வந்தாள். நட்டநடுவில் மூன்று ஓட்டை. ஒரு நாணயத்தை வைத்தால் மூன்றும் மறைந்துவிடும்.

"இதுவா ஆடிப்போச்சு? மாட்டினவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்!" என்றபடி ஸ்கோப்பைக் கழற்றத் தொடங்கினாள்.

ரஸ்ஸல் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். முதலில் அவன் முகத்தில் வந்தது சிரிப்பு. "அப்போ நான் சரியாத்தான் மாட்டியிருக்கேனா? ஒரு வருஷமா யாருக்குமே மாட்டிக் குடுக்கல லோர்னா. ஹெர்மன் வந்து கேட்டான், கை நடுங்குதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்." பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. மாப்பிள்ளையைப் பார்த்தான். "குளிர்ல ஏதாவது ஆகியிருக்கும். இல்ல, வண்டியில அடிபட்டிருக்கும். அப்புறம் தானா... சரியாயிருக்கும்."

தானாகச் சரியாகாது என்று அவனுக்குத் தெரியாதா? அப்பவும் இவனுக்குச் சாக்குத் தேடுகிறான்! வைனோவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஸ்கோப் ஆடல மச்சான்," என்றான். "தூரத்து மேட்டைப் பாக்கறதுக்கு ஒம்பது மடங்கு பெருசாக் காட்டற மாதிரி திருப்பி வெச்சேன். திரும்ப மூணுக்கு வைக்க மறந்துட்டேன். மான் பக்கத்துல வந்து நின்னுச்சு. கண்ணாடி பூரா வெறும் மயிருதான். தோள் எது, வயிறு எதுன்னே தெரியல. தெரியாமத்தான் சுட்டேன்."

லோர்னாவின் திருப்புளி கடைசித் திருகில் நின்றது.

ரஸ்ஸல் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மேஜைமேல் எண்ணி வைத்திருந்த பணத்தையும் எடுத்து வைத்தான்.

"என் துணியைச் செவுத்துல அடிக்கறப்போ ஆணி எடுத்துக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"ம்."

வைனோ சட்டையின் பின்பக்கத்தைக் கால்சட்டைக்குள்ளிருந்து உருவினான். "வெட்டு மச்சான். இங்கேயே வெட்டு."

"இங்க வேணாம். பதினஞ்சாம் தேதி, வேட்டை தொடங்கற அன்னிக்கு, முகாம்ல எல்லாரும் இருக்கறப்போ. உன் வாயால நீயே சொல்லிட்டு."

"சொல்றேன்."

லோர்னா தொண்டையைச் செருமினாள். "கழட்டிட்டேனே. ரஸ்ஸல், நீயே மறுபடி மாட்டிடறியா?"

"அவனே மாட்டிக்கட்டும். இனிமே ஆடினா வேற யாரையும் சொல்ல வேண்டியிருக்காதுல்ல?" ரஸ்ஸல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

வைனோ இதுவரை ஒரு ஸ்கோப்கூட மாட்டியதில்லை. எல்லாம் மச்சான் பார்த்துக்கொள்வான் என்றே இருபது வருஷம் ஓடிவிட்டது. எந்தத் திருகு முதலில் என்று லோர்னா விரலால் காட்டினாள். இரண்டு முறை திருகைக் கீழே போட்டு, குனிந்து தேடி எடுத்தான்.

வெளியே வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தான். ரஸ்ஸல் போகவில்லை. சூடுகாற்றைப் போட்டுவிட்டு, இவன் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். விட்டுவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வைனோவுக்கு.