மேனேஜருக்குப் பசிக்க வேண்டும்

பிசியோதெரபி அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விளையாட்டில் தோற்றவர்கள். ஒருவருக்கு முழங்காலில் கட்டு, இன்னொருவருக்குக் கழுத்தில் பட்டை. நடுவே என் அக்கா, கைக்குழந்தையோடு; பக்கத்தில் அத்தானும் நானும். முழங்கால்காரர் அக்கறையாக விசாரித்தார்.

"பாப்பாவுக்கு எங்கம்மா அடி?"

அடி பாப்பாவுக்கு இல்லை. அக்காவுக்கு வலது மார்பில், அக்குள் ஓரமாகப் பால் கட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் கல். வெந்நீர் ஒத்தடமும் வீட்டுக்கு வந்தவர்களின் யோசனைகளும் தோற்ற பிறகு, டாக்டர் அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்கு அனுப்பினார். நேற்று கொஞ்சம் இளகியது, விடவில்லை. இன்றும் விடாமல் சீழ் பிடித்தால் கீறித்தான் எடுக்கவேண்டுமாம்.

"பிரசவத்துலயே கிழிச்சுத் தைச்சாச்சு. இன்னொரு தடவை என்னால முடியாதுடா" என்றாள் வரும் வழியில். என்னைத் திட்டாமல் அவள் இவ்வளவு தூரம் பயணம் செய்தது அதுதான் முதல்முறை.

பிசியோ மேடம் கறார்.

"படம் எந்தப் பக்கம் மேடம் தெரியும்?" என்றார் அத்தான்.

"இது ஸ்கேன் இல்ல சார். இது அதிர்வு குடுத்துக் கட்டியை இளக்கும், அவ்வளவுதான். இளகினதும் பிள்ளை இழுத்துக் குடிக்கணும். நேத்து வயிறு முட்டக் குடிச்சிட்டு வந்து கொட்டாவி விட்டான். இன்னைக்குப் பசியோட இருக்கணும்."

ஆக, மருத்துவத்தில் எனக்கும் ஒரு பொறுப்பு வந்தது: பிள்ளையைப் பட்டினி போடுவது. பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரியில் எல்லோரையும் வேலை வாங்குவதால் அவனுக்கு வீட்டில் மேனேஜர் என்று பெயர். அக்கா உள்ளே போய், அறை வாசலில் திரை மூடியதும் மேனேஜர் கத்த ஆரம்பித்தார்.

அத்தான் கல்லூரியில் கணக்கு வாத்தியார். இதுவரை யாரையும் ஃபெயிலாக்கியதில்லை. அழுவார்களே என்று பயம். அவர் கை மெல்லப் பைக்குள் போய்ப் பால் பாட்டிலைத் தொட்டது.

"அத்தான், வேணாம்."

"ஒரே ஒரு வாய் மாப்ள."

"அந்த ஒரு வாய்தான் அக்காவுக்குக் கத்தி."

பாட்டிலைப் பிடுங்கி முழங்கால்காரரிடம் கொடுத்தேன். கழுத்துப்பட்டைக்காரர் உடம்பையே திருப்பி என்னைப் பார்த்தார். "பச்சப் புள்ளைய அழவிட்டு வேடிக்கை பாக்குறியே, நீயெல்லாம் மாமனா?" நான் தோளில் போட்டு ஆட்டினேன், நடந்தேன், வாய்க்கு வந்ததைப் பாடினேன். பாட்டு கேட்டு அழுகை கூடியது. நியாயம்தான்.

உள்ளே கருவி நின்றது. "கொண்டு வாங்க!" என்றார் மேடம். அந்த நேரம் பார்த்து மேனேஜர் தேம்பித் தேம்பித் தூங்கிப்போனார்.

அத்தான் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். திரைக்கு வெளியே நான்.

"கட்டி சூடு ஆறி இறுகுறதுக்குள்ள எழுப்புங்க" என்பது மேடம் குரல். சட்டையைக் கழற்றினார்களாம், ஈரப் பஞ்சால் துடைத்தார்களாம். குறட்டைதான் வந்தது. அக்கா விசும்புவது கேட்டது. "விட்டுடுங்க. நாளைக்குக் கீறிக்கிறேன்."

"அப்பா, உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டுங்க" என்று மேடம் அத்தானிடம் சொன்னார்.

"நானா?"

"நீங்கதான். அம்மா ரெண்டு கையாலயும் பிள்ளையைப் பிடிச்சிருக்காங்க."

அத்தான், "மன்னிச்சிருடா கண்ணு" என்றார். சுண்டினார் போலிருக்கிறது. மேனேஜர் போட்ட கூச்சலில் கழுத்துப்பட்டைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இப்படிப் பிடிங்கம்மா, கையிடுக்குல. தாடை கட்டியப் பாத்து இருக்கணும். ம்... அப்படித்தான்."

கூச்சல் பாதியில் நின்றது. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் வெளியே வரை கேட்டது. நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் கேட்டோம். அக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"இங்க அமுக்கிப் பாருங்கம்மா."

"வலிக்கல... மேடம், கல்லு இல்ல!"

"அப்ப கீற வேணாமா?" அத்தான் குரல் உடைந்து, ஓவென்று அழவே ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ, நீங்க முதல்ல வெளிய போங்க" என்றாள் அக்கா. "குடிக்கிறத விட்டுட்டுப் பிள்ளை திரும்பித் திரும்பி உங்களையே பாக்குறான்."