கண்ணாடிக்குள் பிரஜின்

ஓணப் போட்டிக்குப் பெயர் கொடுக்க இசக்கிசெல்வி கிளப்புக்குள் நுழைந்ததுமே, கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் "ஹேக் வந்தாச்சு, ஹேக் வந்தாச்சு" என்று சிரித்தார்கள். போன ஓணத்திலிருந்து ஆரியசாலைக் கடைத்தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். வத்தல் மொத்தக் கடையில் அவள் பில் போடும்போதுகூட, "இதுலயும் ஹேக் உண்டோ?" என்று எவனாவது கேட்டுவிட்டுப் போவான். அந்தப் பெயரைத் துடைக்க வேண்டும். சூட்டியவன் வாயாலேயே துடைக்க வைக்க வேண்டும். இந்த ஒன்றைத்தான் ஒரு வருடமாகச் சோற்றோடு பிசைந்து தின்றுகொண்டிருந்தாள்.

சூட்டியவன் பிரஜின். கிளப்பின் ஓண விளையாட்டில் கயிறு இழுக்கும் வடம்வலி, உறியடியோடு கம்ப்யூட்டர் துப்பாக்கி ஆட்டமும் சேர்ந்த நாளிலிருந்து அவன்தான் அங்கே ராஜா. போன வருடம் இறுதிச் சுற்றில், ஆட்டத்துக்குள் வரும் சலூன் கடைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். எதிர்க்கடைக் கண்ணாடியில் அவன் உருவம் தெரிந்தது. செல்வி சுற்றிப் போய் முதுகிலேயே சுட்டுத் தள்ளினாள். அவ்வளவுதான், பிரஜின் ஐயா மைக்கைப் பிடுங்கிவிட்டார்.

"ஹேக்! சுவருக்கு அந்தப்புறம் பாக்குற புரோகிராம் போட்டிருக்கா. என் கண்ணால பாத்தேன்!"

வைரஸ் பரவும் என்று சொல்லி அவள் கம்ப்யூட்டரின் வயரையும் உருவிப் போட்டான், படுபாவி! கண்ணாடியில் தெரிந்தது என்று அவள் கத்தினாள். நடுவர் நாகேஸ்வரன் பிரஜினின் கம்ப்யூட்டரில் அதே கண்ணாடியைப் போய்ப் பார்த்தார். அழுக்குத் தகரம் மாதிரி மங்கிக் கிடந்தது. "இங்க ஒண்ணும் காணானில்லையே மோளே" என்றார்.

எப்படித் தெரியும்? ரே டிரேசிங் என்று ஒரு வசதி இருக்கிறது. ஆட்டத்துக்குள் விழும் வெளிச்சத்தை நிஜ வெளிச்சம் போலவே கணக்குப் போட்டுக் காட்டும். அதைப் போட்டால் கண்ணாடியில் மூலை திரும்பி நிற்பவன்கூடத் தெரிவான். ஆனால் கம்ப்யூட்டர் திணறும், படம் இழுத்து இழுத்து ஓடும். அதனால் போட்டிக்கு ஆடுகிறவர்கள் ஒருவர் விடாமல் அதை அணைத்து வைத்திருப்பார்கள். அன்றைக்குச் செல்வி ஒருத்திதான் போட்டிருந்தாள். அதை எடுத்துச் சொல்லியும் பார்த்தாள்.

"ரே டிரேசிங்குங்கது சும்மா படம் காட்டுற வேல. பொம்பளப்பிள்ளைக்கு ஆட்டத்துலயும் கண்ணாடி வேணும் போல" என்றான் பிரஜின். கூடமே சிரித்தது. அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அவளுடைய அப்பா வேலாயுதன் முன்னால் வந்து, "பிள்ளையை மன்னிச்சிருங்க" என்று எல்லோரையும் கும்பிட்டாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இலை போட்டுச் சோறு விளம்பிக்கொண்டிருந்த பந்தியைத் தாண்டி, இரண்டு பேரும் சாப்பிடாமலே வெளியே வந்தார்கள்.

இந்த வருடம் கிளப் செயலாளர் சுசீலாபாயிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என் ஸ்கிரீன அந்தப் பெரிய திரையில போடணும் சேச்சி. திருட்டுத்தனம் பண்ணுனா ஊரே பாக்கட்டும்."

பிரஜினுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "போடுங்க சேச்சி, கையும் களவுமாப் பிடிச்சிரலாம்" என்றான். பிறகு அவள் பக்கம் குனிந்து, "ஏட்டி, இந்தத் தடவையும் ரே டிரேசிங்கா? படம் இழுக்கும்லா? சரி, கண்ணாடி பாத்துப் பொட்டு வச்சுக்க" என்றான்.

"வச்சுக்கிடுதேன்" என்றாள் செல்வி. அந்த இழுப்போடு ஆடித்தான் அவள் வருடம் முழுக்கக் கை பழகியிருந்தாள்.

இறுதிச் சுற்று. பெரிய திரைக்கு முதுகு காட்டி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிரஜின் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் ஆள் தெரிவான் என்பது அவள் கட்டிவிட்ட கதை என்றே அவன் நினைப்பு. அவளைக் கேலி பண்ணவென்றே நேராக அதே சலூன் சுவருக்குப் பின்னால் போய்ப் பதுங்கினான்.

செல்வி எதிர்க்கடை முன்னால் வந்து நின்றாள். பெரிய திரை முழுக்க அந்தக் கண்ணாடி. கண்ணாடிக்குள் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிரஜின் குந்தியிருந்தான்.

"அய்யோ, தே இரிக்குந்நு!" என்று திரையில் அவனைச் சுட்டிக்காட்டி, சுசீலாபாய் வாயில் கை வைத்தாள். கூடத்தில் சிரிப்பு கிளம்பியது.

செல்வி சுடவில்லை. இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். கண்ணாடிக்குள் அவன் தலையை நீட்டினான், இழுத்துக்கொண்டான், இடம் மாறிக் குந்தினான். ஒவ்வொன்றுக்கும் கூடம் விழுந்து விழுந்து சிரித்தது, அவன் காதில் எதுவும் ஏறவில்லை. செல்வி மவுஸிலிருந்து கையை எடுத்து, பக்கத்தில் வைத்திருந்த அடைப்பிரதமனை ஒரு மடக்கு குடித்தாள். போன வருடம் கிடைக்காத பாயசம், என்ன ருசி! கடைசி வரிசையில் அப்பா எழுந்து நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் மெதுவாகச் சுற்றிப் போய் அவன் முதுகில் சுட்டாள்.

பிரஜின் ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்தான்.

"ஹேக்! பாத்தீங்கல்லா? ஹேக்! சுவருக்குப் பின்னால நான் இருக்கது மனுசனுக்குத் தெரியுமா?"

கூடத்தில் எழுந்த சிரிப்பில் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்கவில்லை. நாகேஸ்வரன் அவன் தோளைப் பிடித்துத் திரைப் பக்கம் திருப்பினார். செல்வி ரீப்ளேயை ஓட விட்டிருந்தாள். கண்ணாடிக்குள் தான் குந்தியிருப்பதைப் பிரஜின் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

செல்வி மைக்கை எடுத்து வந்து அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"போன வருசம் கண்ணால பாத்தேன்னு சொன்னல்லா? என்னத்தப் பாத்த? சொல்லு. எங்கப்பா கேக்கணும்."

அவன் தரையைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். வாசல் நிறைய ஆட்கள் நின்றார்கள்.

"ஒண்ணும் பாக்கல" என்றான். "பொய் சொன்னேன்."

"கேக்கல" என்றாள் செல்வி. "இன்னும் சத்தமா."