கீழ்வரிசைச் சாக்கடை

காலை ஏழு மணிக்கே தெய்வநாயகத்தின் தையல் கடையில் ஆள் சேர்ந்துவிடும். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களைவிடக் கவுன்சிலரைப் பார்க்க வந்தவர்களே அதிகம். மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, காஜா பேராங் வட்டாரத்தில் முப்பத்தெட்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து மலாக்கா நகராண்மைக் கழகத்துக்குப் போனவர் அவர். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே மனு எழுதிக் கொடுப்பார். யாரிடமும் கைநீட்டி வாங்கியதில்லை என்ற பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

அன்று அவர் முன்னால் இருந்தது சாக்கடை விவகாரம். மேட்டில் மேல்வரிசை வீடுகள், பள்ளத்தில் கீழ்வரிசை வீடுகள். இந்த ஆண்டு ஒரு வரிசைக்குத்தான் சிமெண்டுச் சாக்கடை. எந்த வரிசைக்கு என்று அவரையே எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள்.

தேர்தலில் அவருக்காக வீடு வீடாய் அலைந்த நகைத் தொழிலாளி கலியாணசுந்தரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் வீடு மேல்வரிசையின் கோடியில் இருந்தது.

"கீழ்வரிசையில ஒருத்தன்கூட நமக்குப் போடல. அந்த இடியாப்பம் விக்கிற பூங்காவனம், எதிர்க்கட்சி நோட்டீச வீடு வீடா கொடுத்திச்சு. கொஞ்ச நாள் காத்துக் கெடக்கட்டும்லா."

'கத்தரிக்கோலுக்கு எதற்குக் கவுன்சில்?' என்று அந்த நோட்டீசில் கேட்டிருந்தது தெய்வநாயகத்துக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. 'மேல்வரிசை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதத்தில் மேல்வரிசைக்குப் புதுச் சாக்கடை வந்தது. அவருக்கு மாலை போட்டார்கள்.

நவம்பர் மழை இரண்டு நாள் விடாமல் பிடித்தது. மேல்வரிசைத் தண்ணீர் புதுச் சாக்கடையில் வழுக்கிக்கொண்டு கீழே இறங்க, அங்கே தூர்ந்து கிடந்த மண் சாக்கடையால் அதைத் தாங்க முடியவில்லை. முதலில் கீழ்வரிசை மூழ்கியது. போக வழியில்லாத தண்ணீர் எதிர்த்து ஏறி, சரிவில் இருந்த மேல்வரிசைக் கோடி வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

தெய்வநாயகம் குடையோடு ஓடிவந்தபோது, கலியாணசுந்தரத்தின் நோயாளி மனைவி சாரதாம்பாளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கலியாணசுந்தரம். மற்ற இருவரும் கீழ்வரிசைக்காரர்கள். அதில் ஒருத்தி பூங்காவனம்.

"ஒரு கை பிடிங்கண்ணே, கனக்குது," என்றாள்.

குடையைப் போட்டுவிட்டு நாற்காலியின் நான்காவது காலைப் பிடித்தார். சாரதாம்பாளை மேட்டில் இறக்கிய பிறகு, "உன் வீடு?" என்று கேட்டார்.

"அது நேத்தே போச்சு. மாவு, அடுப்பு, பாய் எல்லாம் போச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. "எங்களுக்கு ஏன் சிமெண்டு லோங்காங் வரலன்னு தெரியும்ணே. நான் ஒங்களுக்கு ஓட்டுப் போடல, உண்மைதான். எம்புள்ளைங்க என்ன பண்ணிச்சு? அதுங்களுக்கு ஓட்டே இல்லையே."

 காசு வாங்காததையே நேர்மை என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் நிமிர்ந்து நடந்தோமே என்று தெய்வநாயகம் கூசிப்போனார்.

நகராண்மைக் கழகத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து, "கீழ்வரிசையைத் தள்ளி வைத்தது என் தவறு. வீம்பில் செய்தேன்," என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை. கீழ்வரிசைச் சாக்கடை அவசர வேலை என்று தீர்மானம் ஆன பிறகுதான் உட்கார்ந்தார்.

தைப்பூசத்துக்கு முன்பே வேலை முடிந்தது. மறுநாள் காலை பூங்காவனம் கடைக்கே இடியாப்பம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அடுத்த தடவை ஒங்களுக்குத்தான் போடுவேன்னு சொல்லமாட்டேண்ணே. எங்க வீட்டுக்காரரு அந்தக் கட்சி."

"அது உன் இஷ்டம்மா. தேங்காய்ப்பூ இன்னும் கொஞ்சம் வை," என்று தெய்வநாயகம் சிரித்தார்.

அவள் போனதும் கலியாணசுந்தரம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப நமக்கு இதுல என்ன லாபம்?"

தெய்வநாயகம் இடியாப்பத்தை இரண்டாகப் பங்கிட்டு அவர் பக்கம் ஒரு பங்கை நகர்த்தினார்.

"ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும்தான்யா நான் கட்சிக்காரன். எண்ணி முடிச்சப்புறம், எனக்கு ஓட்டுப் போடாதவங்களுக்கும் நான்தான் கவுன்சிலர். இது புரியாதவன் அந்த நாற்காலியில உட்காரவே கூடாது."